பன்னிரண்டு பேரும் ஒரு ஸ்பேனரும்

விமான நிறுவனம் ஒருவருக்கு 23 கிலோ எடையுள்ள இரண்டு பெட்டிகளை அனுமதித்திருந்தது. புறப்படுவதற்கு முந்தைய இரவு, நாங்கள் பன்னிரண்டு பேரும் சபை மண்டபத்தில் எடைக்கருவியைச் சுற்றி நின்று, ஒரு பெட்டியிலிருந்து உருவியதை இன்னொன்றில் திணித்துக்கொண்டிருந்தபோது, எங்களை ஜெபித்து அனுப்புவதற்காகப் போதகர் ஐயா வந்தார். லூக்கா சுவிசேஷத்தின் பத்தாம் அதிகாரத்தை அவர் வாசித்தார். எழுபது பேரை இரண்டிரண்டு பேராக அனுப்பும் இயேசு, பணப்பையையும் சாமான் பையையும் பாதரட்சைகளையும் கொண்டுபோக வேண்டாம் என்று சொல்லும் பகுதி அது. வாசித்து முடித்தபின் அவரே ஒரு கணம் வரிசையாக நின்ற இருபத்துநான்கு பெட்டிகளைப் பார்த்தார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. பிறகு தலைகுனிந்து ஜெபித்தோம்.

வெளிநாட்டில் உதவிப் பணி செய்யச் சபை அனுப்பிய அந்தக் குழுவின் செயலாளராக இருந்தவன் நான். ஏழு மாத ஆயத்தப் பணியில் எல்லாக் காகிதங்களும் என் கை வழியாகவே போயின. ஆகவே இங்கே எழுதப்போகும் தவறுகளில் பெரும்பங்கு என்னுடையது. நாங்கள் சென்றது ஆப்பிரிக்கக் கண்டத்தில் உள்ள ஒரு நாட்டின் உட்புறக் கிராமம். நாட்டின் பெயரையும் ஊரின் பெயரையும் வேண்டுமென்றே விட்டுவிடுகிறேன். தங்களைப் பற்றி ஓர் அந்நியன் இணையத்தில் எழுதலாம் என்று அந்த ஊர் மக்கள் எனக்கு அனுமதி தரவில்லை. நான் கேட்கவும் இல்லை.

ஆயத்தத்தில் மருத்துவப் பகுதி எளிதாகத்தான் முடிந்தது, ஏனெனில் அதற்கு எழுதப்பட்ட விதிகள் இருக்கின்றன. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ், ஊசி போட்டுப் பத்து நாள்கள் கழிந்த பிறகே செல்லும். 2016 ஜூலை முதல் அது வாழ்நாள் முழுவதற்கும் செல்லுபடியாகிறது. மலேரியாத் தடுப்பு மாத்திரைகளில் டாக்சிசைக்ளினைத் தேர்ந்தெடுத்தவர்கள் திரும்பி வந்த பிறகும் நான்கு வாரங்கள் விழுங்க வேண்டும், அட்டோவாகோன்–புரோகுவானில் எடுத்தவர்களுக்கு ஏழு நாள்கள் போதும். ஊர் திரும்பிய மகிழ்ச்சியில் மாத்திரையை மறந்துவிடுபவர்களுக்குத்தான் பெரும்பாலும் காய்ச்சல் வருகிறது என்று பயண மருத்துவர் எச்சரித்திருந்தார். அப்படியிருந்தும் எங்களில் இருவர் மறந்தார்கள். நல்ல வேளையாக ஒன்றும் நேரவில்லை.

அதே மருத்துவர் சொன்ன இன்னொரு செய்தி எங்களைச் சங்கடப்படுத்தியது. நோய் அந்த ஊரிலிருந்து எங்களுக்கு வரும் என்றே நாங்கள் எண்ணிக்கொண்டிருந்தோம். எங்களிடமிருந்து அந்த ஊருக்குப் போகும் என்று ஒருவரும் எண்ணவில்லை. 2010 ஜனவரியில் ஹைட்டியில் நிலநடுக்கம் ஏற்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில் அங்கே காலரா பரவத் தொடங்கியது. ஐ.நா. அமைதிப்படை முகாம் ஒன்றின் கழிவுநீர் ஆற்றில் கலந்ததே அதற்குத் தொடக்கம் என்று ஆய்வுகள் காட்டின. ஏறத்தாழ 10,000 பேர் இறந்தார்கள். காப்பாற்ற வந்தவர்களின் கழிப்பறையே கொன்றது. தன் பங்கை ஐ.நா. ஒப்புக்கொள்ள 2016ஆம் ஆண்டு ஆயிற்று. இதைக் கேட்ட பிறகு, கழிப்பறை எங்கே, எவ்வளவு ஆழம், கிணற்றிலிருந்து எவ்வளவு தூரம் என்ற கேள்விகளை அந்த ஊர்ச் சபைக்கு எழுதி அனுப்பினோம். நாங்கள் அவர்களிடம் கேட்டவற்றுள் உருப்படியான முதல் கேள்வி அதுவே என்று இப்போது தோன்றுகிறது.

மருந்துகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். சபையார் அன்போடு கொண்டுவந்து குவித்த மருந்துப் பைகளில் பாதி, வீட்டு அலமாரியில் மிஞ்சிக் கிடந்த பட்டைகள். நன்கொடை மருந்துகளுக்கான நெறிமுறைகளை உலக சுகாதார நிறுவனம் 1996இல் வெளியிட்டு, பின்னர் இருமுறை திருத்தியிருக்கிறது. மருந்து சென்று சேரும்போது அதன் காலாவதிக்கு குறைந்தது ஓராண்டாவது மீதம் இருக்க வேண்டும். நோயாளிகளுக்குக் கொடுத்து மிஞ்சியவற்றை அனுப்பக் கூடாது. பெறுகிறவர்களுக்குப் புரியும் மொழியில் பெயர்ச்சீட்டு இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, பெறுகிறவர்கள் கேட்டதாக இருக்க வேண்டும். 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு இந்தோனேசியாவின் ஆச்சே பகுதிக்குச் சுமார் 4,000 டன் மருந்துகள் போய்க் குவிந்தன. அவற்றில் பெரும்பகுதி அந்நாட்டவருக்கு வாசிக்கத் தெரியாத மொழியில் பெயர் எழுதப்பட்டவை. இறுதியில் அவற்றை அழிப்பதே தனியொரு வேலையாயிற்று. எங்கள் குழுவில் இருந்த ஓய்வுபெற்ற செவிலியர் அக்கா, சபையார் கொடுத்த பைகளை இரண்டு நாள் உட்கார்ந்து பிரித்து, முக்கால் பங்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். சிலருக்கு வருத்தம். “மனதோடு கொடுத்ததை ஏற்றுக்கொள்ளத் தெரியவில்லையே, சிஸ்டர்” என்று ஒரு மூப்பர் அவரிடம் நேரிலேயே சொன்னார். “மனதை ஏற்றுக்கொண்டேன், ஐயா, மாத்திரையைத்தான் திருப்பிக் கொடுக்கிறேன்” என்றார் அக்கா.

பயணத்தைப் பற்றி நிறைய எழுத ஒன்றுமில்லை. இரண்டு விமானங்கள், ஒரு பேருந்து, கடைசியில் ஒரு சிறிய லாரி. அந்தக் கடைசி அறுபது கிலோமீட்டருக்கு ஐந்து மணி நேரம் பிடித்தது. ஊரில் எங்களுக்காகப் பாடினார்கள், நாங்களும் பாடினோம். மொழிபெயர்ப்பதற்காக அந்த ஊர்ப் பள்ளியின் இளம் ஆசிரியர் ஒருவர் எங்களோடு சேர்ந்துகொண்டார். மறுநாள் காலை வேலை தொடங்கியது.

வேலை என்பது பள்ளிச் சுவருக்கு வண்ணம் பூசுவது. எங்கள் சபையிலிருந்தும், அதனோடு உறவுள்ள மற்றச் சபைகளிலிருந்தும் இதற்கு முன் நான்கு குழுக்கள் அங்கே போயிருந்தன. பழைய வண்ணத்தைச் சுரண்டும் பொறுப்பு எனக்கு. சுவரின் மூலையில் ஒரு துண்டு, கைப்பிடி அளவு, பெயர்ந்து வந்தது. அதன் விளிம்பைப் பார்த்தால் மரத்தின் வளையங்களைப் போல அடுக்குகள் தெரிந்தன: மேலே வெளிர்மஞ்சள், அதன் கீழே நீலம், அதன் கீழே ஒரு பச்சை, அடியில் வெள்ளை. ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு நிறம். எங்களுடையது சந்தன நிறம். அந்தச் சுவர் ஒழுகவுமில்லை, விரிசல் விட்டிருக்கவுமில்லை. அதற்கு வண்ணம் தேவைப்பட்டதே இல்லை.

பின் ஏன் ஐந்து முறை? இந்தக் கேள்வியை நான் அங்கேயே, கையில் சுரண்டியோடு, என்னிடமே கேட்டுக்கொண்டேன். விடை என்னுடைய கோப்புகளிலேயே இருந்தது. ஒவ்வோர் ஆண்டும் நாங்கள் அந்த ஊர்ச் சபைக்கு எழுதிய கடிதத்தில் கேட்டிருந்த கேள்வி, “பன்னிரண்டு பேர், ஆறு நாள்கள், தனித்திறமை எதுவும் தேவைப்படாத வேலை என்ன இருக்கிறது?” என்பதுதான். உங்கள் ஊரில் என்ன குறை என்று நாங்கள் கேட்கவில்லை. எங்கள் கைகளுக்கு ஏற்ற வேலை எது என்று கேட்டோம், அவர்களும் பண்போடு யோசித்து, எங்களால் கெடுக்க முடியாத ஒன்றைக் கண்டுபிடித்துச் சொன்னார்கள். விருந்தாளியின் குழந்தை சமையலறைக்குள் உதவ வந்தால் அதற்கு ஒரு கரண்டியைக் கொடுத்து உட்காரவைப்பது போன்ற ஏற்பாடு அது.

இரண்டாம் நாள் காலை வண்ணம் கரைக்கத் தண்ணீர் தேவைப்பட்டது. பள்ளிக்குப் பின்னால், ஒரு சிமெண்டு மேடையின் நடுவே கைப்பம்பு நிற்பதைப் பார்த்து வாளியோடு போனேன். அடித்தேன், அடித்தேன், கைப்பிடி இருபுறமும் ஆடியதே தவிர ஒரு சொட்டும் வரவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்த சிறுமிகள் சிரிக்கவில்லை என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பம்பு பழுதாகி ஐந்து மாதங்கள் ஆயின என்று ஆசிரியர் சொன்னார். முதலில் காலை வேளையில் முப்பது நாற்பது முறை அடித்தால்தான் தண்ணீர் ஏறியது, பிறகு அடித்துக்கொண்டே இருந்தாலும் நூல் போல வந்தது, பிறகு நின்றுபோயிற்று. அதற்குப் பிறகு பெண்கள் ஓடைக்குப் போகிறார்கள். போக நாற்பது நிமிடம், திரும்பச் சற்று அதிகம், ஏனெனில் திரும்பும்போது தலையில் இருபது லிட்டர் கேன், அதாவது இருபது கிலோ. போய் வரிசையில் நின்று திரும்ப அரை மணிக்கு மேல் ஆகாத தூரத்தில், மாசு கலக்காமல் பாதுகாக்கப்பட்ட நீராதாரம் இருந்தால்தான் அதை ‘அடிப்படை வசதி’ என்று ஐ.நா. அமைப்புகளின் கண்காணிப்புத் திட்டம் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. முந்தைய நாள் நாங்கள் கைகழுவிய தண்ணீரும், குடிக்கக் காய்ச்சிய தண்ணீரும், எங்களில் சிலர் இரண்டு வாளி குளித்த தண்ணீரும் அந்த ஓடையிலிருந்து யாரோ ஒருத்தியின் தலையில் வந்தவை.

அந்தப் பம்பைப் பற்றி ஒரு சிறு விலகல். அது ஆஃப்ரிடெவ் வகை. நம்மவர்கள் பெரும்பாலும் பார்த்துப் பழகியது இந்தியா மார்க் 2 என்னும் வகை. 1970களை ஒட்டி, குடும்பம் ஒன்று பயன்படுத்துவதற்கென்று செய்யப்பட்ட வார்ப்பிரும்புப் பம்புகள் ஊர்ப் பொதுக் கிணறுகளில் வரிசையாக உடைந்துகொண்டிருந்தபோது, மகாராஷ்டிரத்தின் ஜால்னா, சோலாப்பூர் ஆகிய இடங்களில் கிறிஸ்தவ மிஷன்களோடு தொடர்புடைய நீர்த் திட்டங்களில் உருவான எஃகுப் பம்புகளே அதற்கு மூதாதை. யுனிசெப் நிறுவனமும் இந்திய அரசும் அந்த வடிவத்தைச் சீர்செய்து நாடெங்கும் கொண்டுசென்றன. மிகவும் உறுதியானது, ஆனால் அதன் அடிப்பகுதி பழுதானால் இரும்புக் குழாய்கள் அத்தனையையும் தூக்க வேண்டும். அதற்கு ஒரு வண்டியும், முக்காலியும், பயிற்சி பெற்ற ஆட்களும் வேண்டும். வண்டி வராத ஊர்களுக்கு என்ன செய்வது என்ற கேள்வியிலிருந்து, 1980களில் மலாவியிலும் கென்யாவிலும் நடந்த சோதனைகளின் வழியே, ஆஃப்ரிடெவ் பிறந்தது. அதன் குழாய் பிளாஸ்டிக். உள்ளே இருக்கும் தண்டுகளையும் தண்ணீரை மேலே ஏற்றும் பிஸ்டனையும், குழாயைத் தொடாமலேயே, இரண்டு மூன்று பேர் கையால் மேலே இழுத்துவிடலாம். ஏறத்தாழ எல்லா வேலைக்கும் ஒரே ஒரு ஸ்பேனரும், அடியில் இருக்கும் வால்வைப் பிடித்துத் தூக்க ஒரு கொக்கியும் போதும். 45 மீட்டர் ஆழம் வரைக்கும் அது ஏற்றது. ஊர்ப் பெண்களே பழுதுபார்க்க வேண்டும் என்பதையே நோக்கமாகக் கொண்டு வடிவமைக்கப்பட்ட பொருள் அது என்று சொன்னால் மிகையல்ல.

அப்படியானால் ஐந்து மாதமாக அது ஏன் நின்றது? சகாராவுக்குத் தெற்கே உள்ள 20 நாடுகளைப் பற்றி 2009இல் வெளியான ஒரு தொகுப்பு, அங்குள்ள கைப்பம்புகளில் 36 விழுக்காடு வேலை செய்யவில்லை என்று கணித்தது. இதைப் பிற்பாடு வாசித்தபோது எனக்கு வியப்பு ஏற்படவில்லை, ஏனெனில் அதற்கான காரணங்களில் ஒன்றை நான் நேரில் சந்தித்திருந்தேன். அந்தக் காரணம் நாங்களேதான்.

ஊரின் நீர்க் குழுத் தலைவி ஐம்பதைத் தாண்டிய ஓர் அம்மா. மாவட்ட நீர்த்துறை நடத்திய பயிற்சியில் பம்பைப் பிரிக்கவும் பூட்டவும் கற்றவர். ஸ்பேனரை ஒரு பழைய துணியில் சுற்றித் தம் படுக்கையின் தலைமாட்டில் வைத்திருந்தார். எண்ணெய் பூசியிருந்ததால் துருவே இல்லை. என்ன பழுது என்று அவருக்குத் துல்லியமாகத் தெரிந்திருந்தது. பிஸ்டனைச் சுற்றியுள்ள ரப்பர் வளையம் தேய்ந்துவிட்டது, அடி வால்வின் வளையமும் தேய்ந்துவிட்டது, கைப்பிடி அச்சைத் தாங்கும் பிளாஸ்டிக் உறைகளான புஷ்களும் போய்விட்டன. இவற்றை ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்பது அவர் கற்ற பாடம். மாவட்டத் தலைநகரில் ஒரு கடையில் அவை கிடைக்கும். பணந்தான் இல்லை.

ஏன் இல்லை என்று நான் கேட்டேன். ஆசிரியர் அதை மொழிபெயர்க்கத் தயங்கினார். அந்த அம்மா அவரைப் பார்த்து ஏதோ சொன்னார். அதற்குப் பிறகு ஆசிரியர் தரையைப் பார்த்துக்கொண்டே எனக்குச் சொன்னார். முன்பு ஒவ்வொரு வீடும் மாதந்தோறும் ஒரு சிறு தொகை கொடுத்துவந்தது. கொடுக்காத வீட்டுக் கேனை வரிசையிலிருந்து எடுத்து வைக்கும் அதிகாரம் குழுவுக்கு இருந்தது. பிறகு வெளிநாட்டுக் குழுக்கள் வரத் தொடங்கின. அவர்கள் சுவருக்கு வண்ணம் பூசினார்கள், பிள்ளைகளுக்குப் பைகள் கொடுத்தார்கள், ஒரு குழு பம்பு மேடைக்கும் சிமெண்டு பூசிக் கொடுத்தது. அதற்கு அடுத்த மாதம் மூன்று வீடுகள் பணம் கொடுக்கவில்லை. “வருகிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள், நாம் ஏன் கொடுக்க வேண்டும்?” என்றார்கள். ஆறு மாதத்தில் பாதி வீடுகள் நிறுத்திவிட்டன. “நான் கேனை எடுத்து வைத்தால், உனக்கென்ன, பணத்தை நீ வைத்துக்கொள்ளத்தானே கேட்கிறாய் என்றார்கள்” என்று சொன்னபோதுதான் அந்த அம்மாவின் குரல் சற்று உயர்ந்தது. எங்கள்மேல் அவருக்குக் கோபம் இருந்ததாகத் தெரியவில்லை. எங்களைப் பற்றி அவர் மழையைப் பற்றிப் பேசுவதுபோலப் பேசினார். வரும், போகும், அதற்கேற்ப மனிதர்கள் நடந்துகொள்வார்கள்.

அன்று இரவு எங்கள் குழுக் கூட்டம் நீண்டது. தேவையான பாகங்கள் அனைத்தின் விலையும், நாங்கள் விமான நிலையத்தில் கூடுதல் எடைக்காகக் கட்டிய தொகையை விடக் குறைவு. உடனே வாங்கிக் கொடுத்துவிடலாம் என்று இளைஞர்கள் எல்லோரும் துடித்தார்கள். குழுத் தலைவரான அண்ணனும் அதையே சொன்னார்: “தம்பி, பிள்ளைகள் ஓடைத் தண்ணீர் குடிக்கும்போது கொள்கை பேச வேண்டாம்.” அவர் சொன்னது தவறு என்று என்னால் இன்றைக்கும் சொல்ல முடியாது. ஆனால் நாங்கள் வாங்கிக் கொடுத்தால் பணம் கொடுக்காத அந்தப் பாதி வீடுகள் சொன்னதே சரி என்று ஊர் முன்னிலையில் நிரூபணமாகும். ஓராண்டு கழித்து வளையம் தேயும்போது அந்த அம்மாவிடம் ஸ்பேனர் மட்டுமே இருக்கும். பேசிப் பேசிக் களைத்த பிறகு, எங்களில் மிக இளையவள், கல்லூரி முதலாண்டு படிப்பவள், “இதை நாம் ஏன் முடிவுசெய்கிறோம்? அந்த அம்மாவிடமே கேட்கலாமே” என்றாள். ஏழு மாதம் கூட்டம் நடத்திய எனக்கு அது தோன்றியிருக்கவில்லை.

காலையில் கேட்டோம். அவர் நெடுநேரம் யோசிக்கவில்லை. பல நாளாக யோசித்து வைத்திருந்தார் போலும். நன்கொடை வேண்டாம், கடனாகக் கொடுங்கள் என்றார். அதையும் தம்மிடம் தனியாகக் கொடுக்காமல், ஊர்த் தலைவர் முன்னிலையில், எல்லா வீட்டாரும் கூடியிருக்கும்போது, தொகையைச் சத்தமாகச் சொல்லிக் கொடுக்க வேண்டும். திருப்பிக் கேட்போம் என்று நாங்கள் எங்கள் வாயால் சொல்ல வேண்டும். “நீங்கள் திருப்பிக் கேட்கப்போகிறீர்கள் என்றால்தான் என்னால் வீடுவீடாகப் போய்க் கேட்க முடியும், மகனே.” இப்படியொரு காரியத்தைச் செய்ய எங்களுக்கு எவ்வளவு கூச்சமாக இருந்தது என்பதை விவரிக்க இயலாது. தர்மம் செய்ய வந்த இடத்தில் கடன் கொடுப்பவரைப் போல நின்று, இவ்வளவு தொகை, அடுத்த அறுவடைக்குப் பிறகு திருப்பித் தர வேண்டும் என்று அண்ணன் அறிவித்தார். கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. அந்த அம்மா முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு, ஊர்த் தலைவரின் நோட்டில் கைநாட்டு வைத்தார்.

ஊர்ச் சபைப் போதகரின் மோட்டார் சைக்கிளில் ஆசிரியர் போய்ப் பாகங்களை வாங்கி வந்தது மறுநாள் மாலை. அதற்கு அடுத்த நாள், விடிந்தும் விடியாத நேரத்தில் பம்பைத் திறந்தார்கள். நீர்க் குழுவிலிருந்து மூன்று பெண்கள். நானும் இன்னொரு தம்பியும் எடுபிடி. மேல்மூடியின் போல்ட்டைத் தளர்த்தி, அச்சை உருவி, கைப்பிடியைக் கழற்றி, தண்டுகளை மேலே இழுக்கத் தொடங்கினார்கள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ மூன்று மீட்டர். ஒன்று மேலே வந்ததும் அடுத்ததைக் கையால் பிடித்துக்கொண்டு, இணைப்பைக் கழற்றி, எங்களிடம் நீட்டுவார்கள். முதல் தண்டை வாங்கி நான் சிமெண்டு மேடையின் ஓரத்தில், புல்லின்மேல் வைத்தேன். அந்த அம்மா அதட்டினார். மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. கிணற்றுக்குள் போகும் பொருள் மண்ணைத் தொடக் கூடாது. அதற்காகவே அங்கே ஒரு சுத்தமான பாய் விரிக்கப்பட்டிருந்தது. எனக்குத்தான் கண் தெரியவில்லை. அதன் பிறகு ஒன்பது தண்டுகளையும் பாயின்மேல் குழந்தையைக் கிடத்துவதுபோல வரிசையாகக் கிடத்தினோம்.

கடைசித் தண்டின் நுனியில் பிஸ்டன் வந்தது. ஆங்கில ‘யூ’ எழுத்தை ஒத்த குறுக்குவெட்டு கொண்ட அந்த ரப்பர் வளையத்தைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார்கள். இரண்டு விரல்களால் வளைக்கக்கூடிய, வளையலை விடச் சற்றுச் சிறிய ஒரு பொருள். அதன் விளிம்பு ஒரு பக்கம் வழுவழுவென்று தேய்ந்திருந்தது. ஊரின் அத்தனை பெண்களும் ஐந்து மாதம் ஓடைக்கு நடந்தது இதற்காக. பிஸ்டன் இருந்த இடத்தில் கொக்கியைப் பூட்டித் தண்டுகளை மீண்டும் ஒவ்வொன்றாக உள்ளே இறக்கினார்கள். அடியில் இருக்கும் வால்வைக் கண்ணால் பார்க்க முடியாது. அந்த அம்மா கண்களை மூடிக்கொண்டு, தண்டை லேசாகத் திருப்பித் திருப்பி, ஏதோ காது கொடுத்துக் கேட்பவரைப் போல நின்றார். மூன்று முறை தவறியது. நான்காம் முறை அவர் கை நின்றது. “வந்துவிட்டது” என்று ஆசிரியர் மெல்லச் சொன்னார். வால்வு மேலே வந்தது, அதன் வளையம் மாற்றப்பட்டது, எல்லாம் கழுவப்பட்டன, கிணற்றுக்குள் குளோரின் கரைசல் ஊற்றப்பட்டது, தண்டுகள் திரும்ப இறங்கின, புதிய புஷ்கள் பொருத்தப்பட்டுக் கைப்பிடி ஏறியது. இவ்வளவுக்கும் இரண்டரை மணி நேரம் ஆயிற்று. முதலில் வந்த தண்ணீர் பழுப்பாக, குளோரின் வாடையோடு வந்தது. அதை வெகுநேரம் அடித்து வெளியேற்றினார்கள். மதியத்துக்குள் கேன்கள் வரிசையில் நின்றன. அந்த அம்மா ஒரு நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு வரிசையின் தலைப்பில் ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தார்.

சந்தனச் சுவரையும் முடித்தோம் என்பதைச் சொல்லியாக வேண்டும். பாதியில் விட்டுவிட்டு வர மனமில்லை.

மருத்துவ முகாமைப் பற்றி ஊரில் பெரிய எதிர்பார்ப்பு இருந்தது. அந்நாட்டு மருத்துவப் பதிவுக்கு விண்ணப்பித்தும் உரிய காலத்தில் கிடைக்காததால், செவிலியர் அக்கா யாருக்கும் மருந்து எழுதித் தர மறுத்துவிட்டார். மனம் கசந்தவர்கள் எங்கள் குழுவிலேயே இருந்தார்கள். அவர் செய்ததெல்லாம், நான்கு நாளும் அவ்வூர்ச் சுகாதார நிலையத்தில் இருந்த ஒரே பணியாளரின் அருகில் உட்கார்ந்து, அவர் சொன்னதைச் செய்ததுதான்: குழந்தைகளை எடைபோட்டது, பதிவேட்டில் விட்டுப்போன பக்கங்களை நிரப்பியது, காயங்களுக்குக் கட்டுப்போட்டது. “ஒரு மாதத்துக்கு இரத்த அழுத்த மாத்திரை கொடுத்துவிட்டு நான் விமானம் ஏறிவிட்டால், இரண்டாவது மாதம் அந்த மனிதர் யாரிடம் போவார்?” என்று அவர் என்னிடம் கேட்டார். அதற்கு நான் விடை சொல்லவில்லை. பன்னிரண்டு பேரில், தம் தொழிலை அங்கே செய்யாமல் இருப்பதற்குத் தைரியம் இருந்தவர் அவர் ஒருவரே.

திரும்பி வந்து ஞாயிறு ஆராதனைக்குப் பிறகு அறிக்கை படிக்க வேண்டிய முறை வந்தது. திரையில் காட்டப் படங்கள் கேட்டார்கள். வண்ணம் பூசுவதற்கு முன்பும் பின்பும் சுவர், அதன்முன் சிரிக்கும் பிள்ளைகள், இப்படிப் பலவும் மற்றவர்களின் தொலைபேசிகளில் இருந்தன. பெற்றோரிடம் கேட்காமல் எடுத்த பிள்ளைகளின் படங்களை விலக்கச் சொன்னேன், பெரும்பாலானவை அதோடு போயின. பம்பு திறந்த நாளில் என் இரு கைகளிலும் தண்டு இருந்ததால் என்னிடம் படமே இல்லை. துணியில் சுற்றிய ஸ்பேனரின் படம் ஒன்றுதான் இருந்தது. அதைக் காட்டி, இந்தப் பயணத்தில் நடந்ததைச் சொன்னேன். சபை அமைதியாகக் கேட்டது. ஆனாலும் வாசலில் என் கையைக் குலுக்கியவர்களில் பாதிப்பேர் சுவர் அழகாக இருக்கிறது என்றார்கள்.

அடுத்த ஆண்டுக்கான திட்டக் கூட்டத்தில்தான் சச்சரவு. 1998இல் மிட்ச் சூறாவளி ஹோண்டுராஸை அழித்த பிறகு, வட அமெரிக்கச் சபைக் குழுக்கள் பல அங்கே போய் வீடு கட்டிக் கொடுத்தன. கல்வின் கல்லூரியைச் சேர்ந்த கர்ட் வெர் பீக் என்ற சமூகவியலாளர், அந்த வீடுகளையும் உள்ளூர் மக்களே கட்டிய வீடுகளையும் ஒப்பிட்டு, 2006இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். குழு ஒன்று வந்து கட்டிய வீட்டுக்குப் பயணச் செலவோடு சேர்த்து ஏறத்தாழ 30,000 டாலர் ஆனது. உள்ளூரில் அதே வீடு 2,000 டாலரில் முடிந்தது. குடியிருந்தவர்களின் வாழ்க்கையில் இரண்டுக்கும் வேறுபாடு தெரியவில்லை. போய் வந்தவர்கள் தங்கள் வாழ்வே மாறிவிட்டதாகச் சொன்னார்கள், ஆனால் அவர்களுடைய காணிக்கையிலும் ஜெப வாழ்விலும் அந்த மாற்றத்தைப் பெரிதாகக் காண முடியவில்லை. இதைக் கூட்டத்தில் வைத்து, அடுத்த முறை இரண்டு பேர் போனால் போதும், மற்றப் பத்துப் பேரின் விமானச் சீட்டுப் பணத்தை அங்கே எதற்குத் தேவை என்று கேட்டுச் செலவிடலாம் என்றேன்.

பொருளாளர் ஐயா கணக்குத் தெரிந்தவர். அவர் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் பொய் என்று சொல்ல முடியவில்லை. “பிரதர், அந்தப் பத்துப் பேரும் போகவில்லை என்றால் அந்தப் பணமே வராது. ஜனங்கள் தங்களுக்குத் தெரிந்த பிள்ளை விமானம் ஏறுவதற்காகக் கொடுக்கிறார்கள். பார்த்திராத ஊரில் ஒரு ரப்பர் வளையத்துக்காக யார் கொடுப்பார்?” அந்தக் கல்லூரி மாணவியைப் பற்றியும் பேச்சு வந்தது. அவள் இப்போது நீரியல் படிக்கப்போவதாகச் சொல்கிறாள். பன்னிரண்டில் பத்துப் பேர் தேவையில்லை என்றால், அந்தப் பத்தில் அவளும் ஒருத்தியாகத்தான் இருந்திருப்பாள். கூட்டம் முடிவெடுக்காமல் கலைந்தது. இறுதியில் நான்கு பேர் என்று ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். கடிதத்தில் கேட்க வேண்டிய கேள்வியை மாற்றி எழுதினோம். பரிசுப் பைகள் இல்லை. இது சரியான விடை என்று நான் எண்ணவில்லை. எங்களுக்குச் சண்டை வராத விடை, அவ்வளவே.

எட்டு மாதங்கள் கழித்து, மாநாடு ஒன்றுக்காக அந்நாட்டுக்குப் போய்வந்த எங்கள் நண்பர் ஒருவரிடம் அவ்வூர்ப் போதகர் ஓர் உறையைக் கொடுத்தனுப்பியிருந்தார். உள்ளே கசங்கிய, சிறு மதிப்புள்ள நோட்டுகள், ரப்பர் பட்டை போட்டுக் கட்டப்பட்டவை. கூடவே ஒரு தாளில் வீடுகளின் பட்டியலும் ஒவ்வொன்றுக்கும் எதிரே தொகையும். நான்கு வீடுகளுக்கு எதிரே இன்னும் ஒன்றும் எழுதப்படவில்லை. மூன்றில் இரண்டு பங்கு கடன் அடைந்திருந்தது. மீதி அடுத்த அறுவடைக்கு என்றும், இதற்கிடையில் மாற்று வளையங்கள் ஒரு செட்டு வாங்கி வைத்தாயிற்று என்றும் ஆசிரியரின் கையெழுத்தில் இருந்தது.

உறையைப் பொருளாளர் ஐயாவிடம் கொண்டுபோனேன். அவர் நோட்டுகளை இருமுறை எண்ணினார். இந்தப் பணத்தை இங்கே எந்த வங்கியிலும் மாற்ற முடியாது என்றார். அது எனக்கும் தெரியும். பிறகு கணக்குப் புத்தகத்தை எடுத்து அந்த ஊரின் பெயர் எழுதிய பக்கத்தைத் திறந்தார். பல ஆண்டுகளாக அந்தப் பக்கத்தில் செலவு மட்டுமே எழுதப்பட்டிருந்ததால், வரவுக்கான கட்டமே போடப்பட்டிருக்கவில்லை. ஐயா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, மேசை இழுப்பறையில் அடிக்கோலைத் தேடினார்.